சுவர் நிறம் மாறும் இடங்கள்: மியூனிக் முதல் பெர்லின் வரை

ஞாயிறு, மியூனிக்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்டெ பினகோதேக் ஓவியக்கூடத்தில் நுழைவுக் கட்டணம் ஒரு யூரோதான். டியூரர், ரூபன்ஸ், ரெம்பிராண்ட் எல்லாருமாகச் சேர்த்து ஒரு யூரோ. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? குழந்தை வண்டிகள், ஊன்றுகோல் பிடித்த முதியவர்கள், தரையில் சம்மணமிட்டுப் படம் வரையும் மாணவர்கள். ஆனால் நான் கிளம்பி வந்தது ஓவியங்களுக்காக அல்ல, அவை தொங்கும் சுவர்களுக்காக. குண்டு விழுந்தோ, வெள்ளம் புகுந்தோ, இடம் போதாமலோ திண்டாடிய பழைய கலைக்கூடங்களை இந்த நாட்டில் எப்படிச் சீர்ப்படுத்தினார்கள், எப்படி விரிவாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். மியூனிக், டிரெஸ்டன், பெர்லின் என்பது வழி. அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் பதிவிட உத்தேசம்.

இந்தக் கட்டடம் 1836-இல் திறக்கப்பட்டது. கட்டச் சொன்னவர் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக். வடிவமைத்தவர் லியோ ஃபான் கிளென்ட்ஸெ. கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் கட்டடத்தை அவர் மூன்று பட்டைகளாகப் பிரித்தார். நடுவில், கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்கும் உயரமான பெரிய அறைகள். வடக்கே சிறிய ஓவியங்களுக்கான சிறிய அறைகள். தெற்கே, பெரிய அறைகளுக்குள் விரும்பிய இடத்தில் நுழைவதற்கென ஒரு நீண்ட தாழ்வாரம். ரூபன்ஸின் ‘இறுதித் தீர்ப்பு’ ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரம். அந்த ஒரு படத்தை மனத்தில் வைத்தே பெரிய அறையின் அளவு தீர்மானமானது. படத்துக்காக அறை, அறைக்காகக் கட்டடம் என்று உள்ளிருந்து வெளியே யோசித்த மனிதர்.

அந்தத் தெற்குத் தாழ்வாரம் இன்று இல்லை. அது இருந்த இடத்தில்தான் நான் இன்று வெகுநேரம் நின்றேன். தரைத்தளத்தின் நடுவிலிருந்து இரண்டு படிக்கட்டுகள், ஒன்று கிழக்கு நோக்கியும் மற்றது மேற்கு நோக்கியும், வளையாமல் திரும்பாமல் நேராக ஏறுகின்றன. அலங்காரம் எதுவும் கிடையாது. அகலமான படிகள், உயரமான வெற்றுச் சுவர்கள், பக்கவாட்டுச் சன்னல்களின் வெளிச்சம். ஏறும்போது கால் தானாக நிதானப்படுகிறது. கிளென்ட்ஸெயின் கட்டடத்தில் கிளென்ட்ஸெ கட்டாத பகுதி இது. இதைச் செய்தவர் பெயர் ஹான்ஸ் டோல்காஸ்ட். நாளை அவரைப் பற்றி.

மேலே டியூரரின் 1500-ஆம் ஆண்டுத் தன்னுருவப் படத்துக்கு முன்னால் மட்டும் மரியாதைக்காகச் சற்று நின்றுவிட்டு வந்தேன். அந்தக் கண்களுக்கு எதிரே சுவரைப் பற்றி யோசிக்க முடியாது.

திங்கள், மியூனிக்

திங்கட்கிழமை இங்கே அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. கதவடைத்த கட்டடத்தை வெளியிலிருந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல நாள் இல்லை. தெற்குப் புல்வெளிக்குப் போனேன்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கட்டடத்தின் மேல் பலமுறை குண்டு விழுந்தது. ஓவியங்களை முன்பே வெளியேற்றிவிட்டிருந்தார்கள். தப்பாதது கட்டடம். தெற்கு முகப்பின் நடுப்பகுதி பிளந்து, கூரை போய், மழையிலும் பனியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு வலுவாகவே எழுந்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக் கலைப் பேராசிரியராக இருந்த டோல்காஸ்ட். முதலில் மெல்லிய எஃகுத் தூண்களை நட்டு, தற்காலிகக் கூரை ஒன்றைத் தாங்க வைத்தார். பிறகு அந்தப் பிளவை அடைத்தார். எதைக் கொண்டு? இடிந்த கட்டடங்களின் குவியல்களிலிருந்து பொறுக்கியெடுத்த பழைய செங்கற்களைக் கொண்டு. பூச்சு பூசவில்லை. 1957-இல் கூடம் மீண்டும் திறந்தது.

புல்வெளியில் நின்று பார்த்தால் நடந்தது அத்தனையும் தெரிகிறது. இரு ஓரங்களிலும் கிளென்ட்ஸெயின் முகப்பு: கல்லில் செதுக்கிய சன்னல் சட்டங்கள், அரைத்தூண்கள், விளிம்பு வேலைப்பாடு. நடுவில் அந்த வேலைப்பாடு சட்டென்று நின்றுபோய் வெறும் செங்கல் தொடங்குகிறது. ஆனால் சன்னல்களின் வரிசை நிற்கவில்லை. அதே இடைவெளி, அதே உயரம், அதே வளைவு. கிழிந்த பட்டில் வேறு நிற நூலால் இட்ட தையல் மாதிரி. நெசவின் கணக்கு மாறவில்லை, நூல்தான் வேறு. தற்காலிகமாக நட்ட எஃகுத் தூண்களும் இன்றுவரை அப்படியே நிற்கின்றன.

புதிதாகக் கட்டுவதை விடவும், பழையதை அச்சு அசலாகத் திரும்பச் செய்வதை விடவும் இது மலிவு. அந்தக் காலத்து மியூனிக்கில் பணமும் இல்லை, பொருளும் இல்லை. இது அரைகுறை வேலை, முகப்பை முழுமையாக முடிக்க வேண்டும் என்று பின்னாளிலும் முணுமுணுப்புகள் இருந்தன. டோல்காஸ்டுக்கு இது ஒரு கொள்கையா, கையிருப்பின் கட்டாயமா என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டாயத்திலிருந்து இவ்வளவு நேர்த்தியான ஒன்றை எடுக்கத் தெரிந்தவருக்குக் கொள்கை தனியாகத் தேவையில்லை. உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் பிற்காலத்தில் பெரும் பொருட்செலவில் செய்ததை, அதற்கென்று ஒரு பெயர் வருவதற்கு முன்பே இவர் குப்பைமேட்டுச் செங்கல்லில் செய்து வைத்திருக்கிறார்.

எதிரே நொய பினகோதேக் 2018-இன் இறுதியிலிருந்து புதுப்பிப்புக்காக மூடிக் கிடக்கிறது. அதன் முக்கியமான படங்களில் சில ஆல்டெ பினகோதேக்கின் தரைத்தளத்தில் குடியிருக்கின்றன. கலைக்கூடம் பழுதானால் ஓவியங்களும் வாடகை வீடு தேடத்தான் வேண்டும்.

செவ்வாய், மியூனிக்

லென்பாக்ஹவுஸ். பெயரிலேயே ‘வீடு’ இருக்கிறது. செல்வமும் செல்வாக்கும் மிக்க உருவப்பட ஓவியர் ஃபிரான்ஸ் ஃபான் லென்பாக், தனக்கென இத்தாலிய மாளிகை பாணியில் கட்டிக்கொண்டது. கட்டியவர் கேப்ரியல் ஃபான் சைடல். ஓவியர் இறந்தபின் மாநகராட்சி வாங்கி, 1929-இல் கலைக்கூடமாகத் திறந்தது.

அது உள்ளூர்க் கூடமாகவே இருந்திருக்கும், 1957-இல் ஓவியர் கேப்ரியல முண்டர் தம் எண்பதாவது பிறந்தநாளை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைக் கொடையாகத் தராமல் இருந்திருந்தால். கான்டின்ஸ்கி, ஃபிரான்ஸ் மார்க் உள்ளிட்ட ‘நீலக் குதிரைவீரன்’ ஓவியர் குழுவின் படங்கள். நாஜிகள் நவீன ஓவியங்களைச் சூறையாடிய காலத்தில் முர்னாவ் என்ற சிற்றூரில் தம் வீட்டு நிலவறையில் அவற்றை ஒளித்துக் காத்தவர் அவர். ஒரே நாளில் உலகத் தரம் வந்துவிட்டது, இடம் வரவில்லை. பிறகென்ன, ஆளாளுக்கு ஒரு பக்கம் ஒட்டிக் கட்டினார்கள்.

2013-இல் முடிந்த நார்மன் ஃபாஸ்டர் நிறுவனத்தின் வேலை, அந்த ஒட்டுகளில் சிலவற்றைக் களைந்துவிட்டுப் புதிய பகுதி ஒன்றைச் சேர்த்தது. வெளியே செம்பும் அலுமினியமும் கலந்த உலோகக் குழாய்களை நெருக்கமாக நிறுத்தி வைத்த முகப்பு. பழைய மாளிகையின் காவி மஞ்சளோடு ஒத்துப்போகட்டும் என்று தேர்ந்த நிறம். வெயிலில் மினுங்குகிறது. கொஞ்சம் அதிகமாகவே மினுங்குகிறது என்பேன். பழைய வீடு அதன் பக்கத்தில் வெட்கப்பட்டு நிற்பதுபோல் எனக்குப் பட்டது.

உள்ளே போனதும் அந்தக் குறை பாதி கரைந்தது. ஒருகாலத்தில் மாளிகையின் வெளிச்சுவராக இருந்தது, இப்போது கண்ணாடிக் கூரை போட்ட கூடத்தின் உட்சுவர். மழை பட்ட மஞ்சள் சுவருக்கு முன்னால் நாம் மேலங்கியைக் கழற்றி வைக்கிறோம். பழைய கட்டடத்தைப் பெரிதாக்க எளிய வழி அதன் பக்கத்தில் இன்னொன்று கட்டுவது. அதன் தெருவையே வீட்டுக்குள் இழுத்துக்கொள்வது சாமர்த்தியம். மேலே ஓலஃபுர் எலியாசனின் வண்ணக் கண்ணாடிச் சுழல் தொங்குகிறது. எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்.

நீலக் குதிரைவீரன் குழு மேல்தளத்தில், பகல் வெளிச்சத்தில். மார்க்கின் நீலக் குதிரை (1911) மேகம் கடக்கும்போது ஒரு நீலம், கடந்தபின் வேறு நீலம். விளக்கு வெளிச்சத்தில் இது நடக்காது.

இதே கலைக்கூடத்துக்கு நிலத்தடியிலும் ஒரு பகுதி உண்டு. கோனிக்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ நிலையத்தைக் கட்டியபோது நடைமேடைக்கு மேலே பெரியதொரு வெற்றிடம் மிஞ்சிவிட்டது. அதைக் கட்டடக் கலைஞர் ஊவே கீஸ்லர் கண்காட்சிக் கூடமாக மாற்ற, 1994-இல் திறந்தார்கள். தண்டவாளத்தின் போக்கில் கூடமும் லேசாக வளைகிறது. ஃபாஸ்டரின் பொன்னிறத்தை விட எனக்கு இது பிடித்திருந்தது.

புதன், ரயிலில்

மியூனிக்கிலிருந்து டிரெஸ்டன். இடையில் ரயில் மாற வேண்டும், தாமதமும் ஆனது. வேறு சொல்ல ஒன்றுமில்லை. மாலையில் எல்பா ஆற்றங்கரையில் நடந்தேன். மிகச் சாதுவாக ஓடுகிறது.

வியாழன், டிரெஸ்டன்

அந்தச் சாதுவான ஆறு 2002 ஆகஸ்டில் 9.40 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. கரையோரம் இருக்கும் ஆல்பர்டினம் அருங்காட்சியகத்தின் நிலவறைக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான படைப்புகள். ஊழியர்களும் உதவிக்கு வந்தவர்களும் சில மணி நேரத்துக்குள் கையில் கிடைத்ததையெல்லாம் மேல்தளங்களுக்குத் தூக்கினார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இங்கே நடந்த புதுப்பிப்பு. ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் படைப்புகளைத் தந்து, அவற்றை ஏலம் விட்டு நிதி திரட்டினார்கள். டிரெஸ்டனில் பிறந்த ஜெரார்ட் ரிக்டரும் அவர்களில் ஒருவர்.

ஆல்பர்டினம் அடிப்படையில் 16-ஆம் நூற்றாண்டின் ஆயுதக் கிடங்கு. 1880-களில் அருங்காட்சியகமாக மாற்றிக் கட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்பதால் வெளியே கைவைக்க இடமில்லை. கீழே வைத்தால் ஆறு வரும். அப்படியானால் புதிய கிடங்கை எங்கே வைப்பது? கட்டடக் கலைஞர் ஃபோல்கர் ஸ்டாப் சொன்ன பதில்: ஆகாயத்தில். நடு முற்றத்தின் மேலே, தரையிலிருந்து 17 மீட்டர் உயரத்தில், இரண்டு பக்கத்துப் பழைய சிறகுகளுக்குக் குறுக்கே ஒரு பாலம்போல எஃகுச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் கிடங்கையும் ஓவியச் சீரமைப்புப் பட்டறைகளையும் வைத்துவிட்டார். 2010-இல் கூடம் திறந்தது. ஊர்க்காரர்கள் அதைப் ‘பேழை’ என்கிறார்கள், நோவாவின் பேழை.

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளையாக, வெறுமையாக ஒரு கூரை. அவ்வளவுதான். அதற்குள் இரண்டு தளங்கள் இருப்பதை யாராவது சொன்னால்தான் நம்புவோம். பேழைக்கும் பழைய சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளியில் வெளிச்சம் சுவரை ஒட்டியே வழிந்து கீழே வருகிறது. முற்றத்தில் ஒரு தூண்கூடப் புதிதாக நடவில்லை. திறந்த வெளியாக இருந்த முற்றம், வெயிலும் மழையும் படாத பெரிய கூடமாகக் கிடைத்துவிட்டது. தெருவில் நடப்பவருக்கு எதுவுமே தெரியாது. மியூனிக்கில் இணைப்பைக் காட்டினார்கள். இங்கே இணைப்பு வெறும் காற்று. ஓர் அங்குலமும் கத்தாத இந்த வேலையை இந்தப் பயணத்தின் புத்திசாலித்தனமான வேலை என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

மாடியில் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கின் நிலாப் பார்க்கும் இருவர், ஓட்டோ டிக்ஸின் போர் ஓவியம், ரிக்டருக்கென்றே அறைகள். டிக்ஸின் படத்துக்கு முன் யாரும் பேசுவதில்லை.

பிற்பகலில் கட்டடக் கலைஞர் செம்பர் கட்டிய ஓவியக்கூடம் (1855). ரஃபேலின் ‘சிஸ்டைன் மடோனா’வைச் சுற்றி எப்போதும் கூட்டம், நான் தேடிப் போனது வெர்மீரின் ‘சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்’. கட்டடம் பார்க்க வந்தவனுக்கு இதில் என்ன வேலை என்றால், காரணம் உண்டு. பெண்ணுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சுவருக்கு அடியில் மன்மதனின் படம் ஒன்று மறைந்திருப்பது 1979-இலேயே ஊடுகதிர்ப் படத்தில் தெரிந்துவிட்டது. வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்று நினைத்தார்கள். பின்னர் செய்த ஆய்வில் அந்த மேற்பூச்சுக்கும் அசல் வண்ணத்துக்கும் நடுவே அழுக்குப் படலம் இருப்பது தெரிந்தது. அதாவது, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து வேறு யாரோ பூசியது. நுண்ணோக்கியின் கீழே சிறு கத்தியால் சுரண்டிச் சுரண்டி அதை அகற்றி, 2021-இல் மன்மதனோடு காட்சிக்கு வைத்தார்கள்.

அறிவியல்படி நியாயமான முடிவு. ஆனாலும் அந்த வெற்றுச் சுவரும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் படத்தில் வாழ்ந்திருக்கிறதே! அதன் அமைதிக்காகவே அந்தப் படத்தை நேசித்தவர்கள் எத்தனையோ பேர். பிற்காலத்தவர் சேர்த்ததையெல்லாம் களைவதா, அதையும் வரலாறாக எண்ணி விட்டுவைப்பதா? கட்டடங்களில் தினம் வரும் வழக்கு இது. மன்மதன் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறான் என்பது என் தனிப்பட்ட புகார்.

வெள்ளி, பெர்லின்

அருங்காட்சியகத் தீவுக்குள் நுழைய இப்போது ஜேம்ஸ் சைமன் கேலரி இருக்கிறது. 2019-இல் திறந்தது, வடிவமைப்பு டேவிட் சிப்பர்ஃபீல்ட். டிக்கெட், மேலங்கி அறை, கடை, காபி, கொஞ்சம் கண்காட்சி. ஆற்றங்கரையில் மெல்லிய வெள்ளைத் தூண்களின் நெடிய வரிசை. அகன்ற படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெர்கமான் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து முழுமையாக மூடியிருக்கிறது. எனக்கு வேண்டியது பக்கத்திலிருக்கும் நொயஸ் மியூசியம். கறாராகச் சொன்னால் அது ஓவியக்கூடம் அல்ல, தொல்பொருள் கூடம்; ஆனால் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பார்க்காமல் போக முடியாது.

ஃபிரீட்ரிக் ஆகஸ்ட் ஸ்டூலர் 1843-இல் தொடங்கிய கட்டடம். அடியில் சதுப்பு நிலம், எனவே எடை குறைய வேண்டும். மேல்தளங்களின் வளைகூரைகளை உள்ளே பொள்ளலான சுட்ட மண் குடுவைகளை அடுக்கிக் கட்டினார். இரும்பு விட்டங்களைத் துணிந்து பயன்படுத்தினார். அந்தக் காலத்துக்கு இது அதிநவீனத் தொழில்நுட்பம். போரில் நடுப் படிக்கட்டுக் கூடம் எரிந்தது, வடமேற்குச் சிறகு அடியோடு போயிற்று. பிறகு பல பத்தாண்டுகள் கிழக்கு பெர்லினின் நடுவே கூரையற்ற இடிபாடாகக் கிடந்தது. உள்ளே மரம் முளைத்தது.

சிப்பர்ஃபீல்ட் 1997-இல் இந்தப் பணிக்குத் தேர்வானார். பாதுகாப்புப் பணிகளில் ஜூலியன் ஹாரப் துணை. 2009 அக்டோபரில் திறந்தது. செலவு சுமார் 20 கோடி யூரோ. எது எஞ்சியதோ அது அப்படியே இருக்கும். எது இல்லையோ அதை இன்றைய பொருளில், அதே அளவில், அலங்காரமின்றிச் செய்வோம் என்பது அடிப்படை. பழைய அலங்காரப் படிக்கட்டையே திரும்பக் கட்ட வேண்டும் என்று ஒரு தரப்பு கடுமையாகப் போராடிப் பார்த்தது.

அந்தப் படிக்கட்டைத்தான் முதலில் பார்த்தேன். பழையது எப்படி ஏறித் திரும்பியதோ அப்படியே ஏறித் திரும்புகிறது. ஆனால் வெண்சிமென்டும் சாக்சனிப் பளிங்குச் சில்லுகளும் கலந்து வார்த்த கான்கிரீட். கைப்பிடியில் கை வைத்தேன், மழமழவென்று இருக்கிறது. சுற்றிலும் பூச்சு உதிர்ந்த செங்கல் சுவர்கள். ஒருகாலத்தில் கவுல்பாக்கின் பிரம்மாண்டமான சுவரோவியங்கள் இருந்த இடம் இப்போது வெற்றிடம். மியூனிக் தாழ்வாரத்துப் படிக்கட்டு உடனே ஞாபகம் வந்தது.

அறை அறையாக நடந்தால் சுவர்கள்தான் கதை சொல்கின்றன. ஓரிடத்தில் எகிப்திய நீலத்தில் நட்சத்திரங்கள் தீட்டிய கூரை, அடுத்த அடியில் கரி படிந்த செங்கல், அதற்கடுத்து பழைய செங்கற்களையே திரும்ப அடுக்கி லேசாகச் சாந்து பூசிய புதுச் சுவர். நெருங்கினால் எது எதுவென்று தெரிகிறது. பத்தடி தள்ளி நின்றால் எல்லாம் ஒரே தொனி. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கேட்பது இதைத்தான்: புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இணங்க வேண்டும், ஆனால் அசல் என்று ஏமாற்றக் கூடாது. எகிப்திய அரசி நெஃபர்டிடியின் சிலை இருக்கும் அறையில் படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் மக்கள் அங்கே உண்மையிலேயே சிலையைப் பார்க்கிறார்கள்.

ஒரு சந்தேகத்தையும் எழுதிவிடுகிறேன். இங்கே காயம் அழகாக இருக்கிறது. மிக அழகாக இருக்கிறது. உதிர்ந்த பூச்சின் ஒவ்வொரு விளிம்பையும் அடைத்து, ஒட்டி, மேலும் உதிராமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த உதிர்வு இப்போது உதிர உரிமையற்ற உதிர்வு. டோல்காஸ்டின் செங்கல் சுவர் யாருடைய ரசனைக்காகவும் நிற்கவில்லை. இந்தச் சுவர் ரசிக்கப்படுவதை அறிந்து நிற்கிறது. இருந்தும் பத்து நிமிட நடையில் இருக்கும் அரண்மனைக்குப் போய்ப் பார்த்ததும் சந்தேகத்தைச் சுருட்டி வைத்தேன். கிழக்கு ஜெர்மனியின் குடியரசு மாளிகையை இடித்துவிட்டு, பிரஷ்ய அரண்மனையின் மூன்று பக்க முகப்பை இந்த நூற்றாண்டில் புத்தம் புதிதாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு கீறல் இல்லை. அந்த இடத்தில் எதுவும் நடந்த அடையாளமே இல்லை.

சனி, பெர்லின்

நொய நேஷனல்கேலரி. மீஸ் ஃபான் டெர் ரோ வடிவமைத்து 1968-இல் திறந்த கண்ணாடிக் கூடம். எட்டே தூண்கள், ஏறக்குறைய 65 மீட்டர் சதுரமான கரிய எஃகுக் கூரை. அந்தக் கூரையைத் தரையில் பற்றவைத்துச் சேர்த்து, 1967-இல் ஒரே நாளில் நீரழுத்த உந்திகளால் மேலே ஏற்றினார்கள்.

நவீனக் கட்டடமும் ஒருநாள் பழங்கட்டடம் ஆகும், அதற்கும் பழுதுபார்ப்பு வரும். இங்கேயும் சிப்பர்ஃபீல்ட் அலுவலகம்தான். சுமார் 35,000 உறுப்புகளைக் கழற்றி, எண்ணிட்டு, சீர்செய்து, அவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்கள். கான்கிரீட்டை அகற்றிப் புதுப்பித்து, அதன் மேல் பழைய கருங்கல் பலகைகளைப் பழைய வரிசையிலேயே பதித்தார்கள். 2021-இல் திறந்தபோது சிலர் கேட்டார்களாம், என்ன மாறியிருக்கிறது என்று. அதுதான் பாராட்டு.

கண்ணாடியில்தான் எல்லாச் சிக்கலும். குளிர்காலத்தில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் நீர் வழியும். இரட்டைக் கண்ணாடி போட்டால் தீரும், ஆனால் சட்டங்களைத் தடிமனாக்க வேண்டும். மீஸின் மெல்லிய கோடுகள் போய்விடும். ஈரத்தோடு வாழ்ந்துகொள்வோம் என்று ஒற்றைக் கண்ணாடியையே, உறுதியான ஒட்டுக் கண்ணாடியாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எரிசக்திக் கணக்குப் பார்ப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். நான் மீஸ் பக்கம். வசதிகளையெல்லாம் கண்ணில் படாத இடத்தில் செய்தார்கள்: நிலத்தளத்துக்குக் கீழே இருந்த பழைய கிடங்குகள்தான் இப்போதைய மேலங்கி அறையும் புத்தகக் கடையும்.

நேற்று பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்டிய அதே கை இன்று தன்னையே அழித்துக்கொண்டிருக்கிறது. முரண்பாடு என்று எனக்குப் படவில்லை. ஸ்டூலரின் கட்டடம் பாதி இறந்திருந்தது, இறந்த பாதிக்கு யாராவது புதிதாகப் பேச வேண்டியிருந்தது. மீஸின் கட்டடம் நோய்ப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் பக்கத்து மனையில் அதன் விரிவாக்கம்: ஹெர்ட்ஸோக், டி மெரோன் அலுவலகம் வடிவமைத்த இருபதாம் நூற்றாண்டுக் கலைக்கூடம், சாய்கூரை போட்ட பெரிய செங்கல் கட்டடம். தானியக் களஞ்சியம் என்று கிண்டல் செய்கிறார்கள். முதலில் பேசிய 20 கோடி யூரோ பிறகு 45 கோடியைத் தாண்டியதில் எழுந்த சண்டை வேறு. மீஸின் மெல்லிய கூரைக்குப் பக்கத்தில் இவ்வளவு பருமனான ஓட்டுமுகடு எதற்கு என்று எனக்கும் உறுத்துகிறது. ஆனால் மீஸைப் போலவே இன்னொன்று கட்டியிருந்தால் அது இன்னும் மோசம். இரண்டு கட்டடங்களையும் நிலத்துக்கு அடியில் இணைக்கிறார்கள். கருங்கல் பலகை எந்த இடத்தில் முடிந்து அடுத்த தரை எதில் தொடங்கப்போகிறது என்று கேட்டேன். காவலாளிக்கும் தெரியவில்லை.